பிணைக்குக் கையெழுத்திடுமுன் அறிந்திருக்க வேண்டியவை

யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்று குடாநாட்டின் எந்த நீதிமன்ற வளாகத்துக்குச் சென்றாலும் முற்பகல் வேளையில் ஒரு காட்சியைக் காணலாம். நீதவான் பிணை உத்தரவை வழங்கிவிட்டார். மகன் வெளியே வரலாம். ஆனால் தாய் இன்னும் கலங்கிய முகத்துடன் மரநிழலில் நின்று தொலைபேசியில் உறவினர் ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு ஆட்பிணைகள் வேண்டும் என்று உத்தரவில் உள்ளது. ஒருவர் கிடைத்துவிட்டார். மற்றவர் "வருகிறேன்" என்று சொன்னவர். இப்போது தொலைபேசியை எடுக்கிறார் இல்லை. நீதிமன்றப் பணி நேரம் முடிவதற்குள் இன்னொருவர் கிடைக்காவிட்டால் மகன் மீண்டும் சிறைச்சாலை வாகனத்தில் ஏற வேண்டியவனே.

பிணைக்கு ஆள் தேடி அலையும் அந்தத் தாயின் நிலை ஒரு பக்கம். கேட்டவுடன் எதையும் விசாரியாது கையெழுத்திட்டுவிட்டு, சில ஆண்டுகளின் பின் நீதிமன்ற அறிவித்தல் வீட்டு வாசலுக்கு வரும்போது திகைத்து நிற்கும் உறவினரின் நிலை மறுபக்கம். இந்த இரண்டுக்கும் அடிப்படைக் காரணம் ஒன்றே. பிணை நிற்பது என்றால் என்ன, அதனால் எதற்குப் பொறுப்பாகிறோம், எதற்குப் பொறுப்பாகமாட்டோம் என்பது எமது மக்களிற் பெரும்பாலோருக்குத் தெளிவாகத் தெரியாது. தெரியாதவர் ஒன்றில் அஞ்சி ஒதுங்குகிறார்; அல்லது அறியாது அகப்படுகிறார்.

பிணை ஒரு சலுகையன்று

குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளி என நிரூபிக்கப்படும் வரை அவர் நிரபராதியாகவே கருதப்பட வேண்டும் என்பது எமது குற்றவியல் நீதி முறையின் அத்திவாரம். தீர்ப்புக்கு முன்னரே ஒருவரை மறியலில் வைத்திருப்பது தண்டனையாகிவிடக் கூடாது என்பதற்காகவே பிணை என்ற ஏற்பாடு உள்ளது. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் இதனைத் தெளிவாகவே கூறுகின்றது. பிணை வழங்குவதே பொது விதி, மறுப்பது விதிவிலக்கு என்பது அதன் 2ஆம் பிரிவின் சாரம். விளக்கமறியல் இயல்பானது, பிணை நீதிமன்றம் இரங்கி அளிக்கும் சலுகை என்று எமது மக்கள் மத்தியில் நிலவும் எண்ணத்துக்கு இச்சட்டத்தில் இடமில்லை.

எனினும் நீதிமன்றம் பிணையை மறுப்பதற்கான காரணங்களையும் அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு தருகின்றது. சந்தேகநபர் விசாரணைக்குத் தோன்றமாட்டார் என்று நம்பக் காரணமிருத்தல், சாட்சிகளிடமோ சான்றுகளிலோ தலையிடுவார் என்ற ஐயம், பிணையில் இருக்கும்போது மேலும் குற்றம் புரியக்கூடிய வாய்ப்பு, பொதுமக்களிடையே குழப்பம் ஏற்படக்கூடிய நிலை என்பனவே அவை. மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்கப்படக்கூடிய குற்றங்களுக்கு மேல் நீதிமன்ற நீதிபதியிடமே பிணை கோர வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழான வழக்குகளும், பிணை பற்றித் தனியே ஏற்பாடு செய்துள்ள வேறு சட்டங்களின் கீழான வழக்குகளும் பிணைச் சட்டத்துக்குப் புறம்பாக விடப்பட்டன. தீர்ப்பின்றி ஒருவரைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் தடுத்து வைத்தல் ஆகாது என்ற 16ஆம் பிரிவும், சட்டமா அதிபரின் விண்ணப்பத்தின் பேரில் அக்காலத்தை மேல் நீதிமன்றம் நீடிக்கலாம் என்ற 17ஆம் பிரிவும் இங்கு நினைவிற் கொள்ளத்தக்கவை.

பிணையிலும் படிகள் உள்ளன. அழைக்கும்போது வருவேன் என்ற வெறும் உறுதிமொழி. சந்தேகநபர் தாமே தமக்காக எழுதிக் கொடுக்கும் முறி. பிணையாளிகளுடன் கூடிய முறி. நீதிமன்றில் வைப்பிலிடும் காசுப் பிணை. நீதிமன்றம் குறிப்பிடும் வகையில் அத்தாட்சிப்படுத்தப்பட்ட பிணை என்று அவை இலகுவானதிலிருந்து கடினமானதை நோக்கிச் செல்கின்றன. செய்திகளில் நாம் அடிக்கடி காணும் "ஆட்பிணை", "சரீரப் பிணை" என்ற சொற்கள் மூன்றாவது வகையைச் சார்ந்தவை. எமது கட்டுரையின் பொருளும் அதுவே.

பிணையாளி எதற்குப் பொறுப்பு?

ஆட்பிணையில் காசு எதுவும் உடனடியாகக் கட்ட வேண்டியதில்லை. அதனாலேயே பலர் இதை ஒரு சம்பிரதாயக் கையெழுத்து என எண்ணிவிடுகின்றனர். உண்மையில் பிணையாளி நீதிமன்றுக்கு எழுத்தில் ஒரு வாக்குக் கொடுக்கிறார். இன்னார் குறித்த தவணையிலும், அதன் பின் கட்டளையிடப்படும் ஒவ்வொரு தவணையிலும் மன்றில் தோன்றுவார். அவர் தவறினால் இன்ன தொகையை நான் அரசுக்குச் செலுத்துவேன் என்பதே அந்த வாக்கு. அந்தத் தொகை கையெழுத்திட்ட நாளில் வெறும் இலக்கம். எதிரி தவணை தவறிய நாளில் அது கடனாக மாறுகின்றது.

இங்கு இரு தவறான எண்ணங்களை நீக்க வேண்டியுள்ளது. பிணை நிற்பவர் எதிரியின் குற்றத்துக்குப் பொறுப்பாளியல்லர். எதிரி குற்றவாளியாகக் காணப்பட்டால் பிணையாளி சிறை செல்ல வேண்டும் என்றோ, எதிரிக்கு விதிக்கப்படும் தண்டப் பணத்தையும் நட்டஈட்டையும் பிணையாளி கட்ட வேண்டும் என்றோ அஞ்சுவோர் உளர். அது தவறு. எதிரி மன்றில் நின்று தீர்ப்பைக் கேட்டு, தண்டனை பெற்றுச் சிறை சென்றாலும் பிணையாளி தம் வாக்கைக் காத்தவராகவே கருதப்படுவார். பிணையாளி உத்தரவாதம் அளிப்பது எதிரியின் நல்லொழுக்கத்துக்கு அன்று, அவரது வருகைக்கே. குறித்த பொலிஸ் நிலையத்தில் கையொப்பமிடுதல், சாட்சிகளை அணுகாதிருத்தல் போன்ற நிபந்தனைகளை எதிரி மீறினால் அவரது பிணை இரத்தாகலாம். அவை முறியிலும் எழுதப்பட்டுள்ளனவா என்பதைக் கையெழுத்திடுமுன் வாசித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது தவறான எண்ணம் இதற்கு நேர்மாறானது. "பிணை எடுத்துவிட்டோம், எம் வேலை முடிந்தது" என்பதே அது. பிணையாளியின் வேலை அன்றுதான் தொடங்குகின்றது. எமது நாட்டில் ஒரு வழக்கு எத்தனை ஆண்டு செல்லும் என்று சட்டத்தரணிகளாலேயே சொல்ல முடிவதில்லை. நீதவான் நீதிமன்றில் தொடங்கி, சட்டமா அதிபர் திணைக்களத்தின் ஆலோசனைக்குக் காத்திருந்து, குற்றப்பத்திரம் தாக்கலாகி மேல் நீதிமன்றம் செல்லும் வழக்கு ஒரு பிள்ளை பாடசாலையில் சேர்ந்து முடிக்கும் காலத்தையும் விழுங்கிவிடக் கூடும். அத்தனை காலமும் பிணையாளியின் பெயர் வழக்கேட்டில் இருக்கும்.

ஒரு நிலைமையைக் கற்பனை செய்து பார்ப்போம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். தமக்கையின் மகன் ஓர் அடிதடி வழக்கில் சிக்கிக்கொள்கிறான். தலா இரண்டு இலட்சம் ரூபா பெறுமதியான இரண்டு ஆட்பிணைகளில் செல்ல நீதவான் அனுமதிக்கிறார். மாமன் ஒருவராகவும், பெடியனின் நண்பனின் தந்தை மற்றவராகவும் கையெழுத்திடுகின்றனர். முதலாண்டு எல்லாத் தவணைக்கும் பெடியன் செல்கிறான். பின்னர் முகவர் ஒருவர் மூலம் வெளிநாடு செல்ல ஒழுங்காகிறது. வீட்டாருக்கு அது ஒரு விடிவு. மாமனுக்குச் சொன்னால் தடுப்பார் என்று சொல்லாமலே புறப்படுகிறான். அடுத்த தவணையில் பெயர் கூப்பிடப்படுகின்றது, ஆளில்லை. பிடியாணை பிறக்கின்றது. பிணையாளிகளுக்கு அறிவித்தல் போகின்றது. ஓய்வூதியத்தில் வாழும் மாமன் குற்றவாளிக் கூண்டின் அருகே நின்று, பிணைத் தொகையை ஏன் அறவிடக் கூடாது என்பதற்குக் காரணம் காட்ட வேண்டியவராகிறார்.

இந்தக் கற்பனையில் அசாதாரணமானது எதுவுமில்லை என்பதைக் குடாநாட்டு வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. வெளிநாடு செல்வதே வாழ்வின் வழி என்று ஒரு தலைமுறையே எண்ணப் பழகிவிட்ட மண் இது. போர்க்காலத்தில் உயிர் காக்க ஓடியவர்களை யாரும் குறை கூற முடியாது. ஆனால் வழக்கைத் தவிர்க்க ஓடுபவர், தமக்காகக் கையெழுத்திட்டவரின் முதுகில் தம் சுமையை இறக்கிவைத்துவிட்டே ஓடுகிறார். எதிரி இல்லாத நிலையிலும் விசாரணையை நடத்தச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அவ்வாறு நடப்பதால் பிணையாளியின் பொறுப்பு தானாக நீங்கிவிடும் என்று எண்ணக்கூடாது.

"தலா" என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். தலா இரண்டு இலட்சம் பெறுமதியான இரு ஆட்பிணைகள் என்றால் ஒவ்வொருவரும் இரண்டு இலட்சத்துக்குப் பொறுப்பு. மொத்தத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்வது என்று பொருளன்று.

அறிவித்தல் வந்தால்

எதிரி வரவில்லை என்றவுடனேயே பிணைத் தொகை தானாகப் பறிபோய்விடுவதில்லை. முறி மீறப்பட்டதென மன்று திருப்தியடைந்தால், தொகையைச் செலுத்துமாறு அல்லது காரணம் காட்டுமாறு பிணையாளியை அழைக்கும். எதிரி வைத்தியசாலையில் இருந்தார், வேறொரு வழக்கில் மறியலில் இருந்தார், இறந்துவிட்டார் என்பன போன்ற காரணங்களை ஆவணங்களுடன் காட்டலாம். பிணையாளியே முயன்று எதிரியை மன்றில் ஒப்படைத்தால் அதுவே சிறந்த விடை. காரணம் ஏற்கப்படாவிடின், தொகையை முழுவதுமாகவோ ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தோ அறவிட மன்றுக்குத் தற்றுணிபு உண்டு. செலுத்தத் தவறினால் சொத்துகளைக் கைப்பற்றி விற்று அறவிடவும், அதனாலும் முடியாதுபோனால் பிணையாளியை மறியலுக்கு அனுப்பவும் சட்டம் இடமளிக்கின்றது. எனவே நீதிமன்ற அறிவித்தலை மேசை இலாச்சிக்குள் போட்டுவிட்டு மறந்திருப்பதைப் போன்ற தவறு வேறில்லை. அறிவித்தல் கிடைத்த அன்றே சட்டத்தரணி ஒருவரை நாட வேண்டும். கட்டணம் செலுத்த வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம்.

நல்லெண்ணத்துடன் கையெழுத்திட்டேன் என்பது மட்டும் போதிய காரணமாகாது என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. விக்கிலீக்ஸ் நிறுவனர் ஜூலியன் அசாஞ்சே 2010 டிசெம்பரில் இலண்டனில் பிணையில் விடுவிக்கப்பட்டார். 2012 ஜூன் 19ஆம் திகதி அவர் பிணை நிபந்தனையை மீறி ஈக்குவடோர் தூதரகத்துள் தஞ்சம் புகுந்தார். அவருக்குப் பிணை நின்ற ஒன்பது பேர் மொத்தமாக 93,500 பவுண்களைச் செலுத்த வேண்டும் என்று அதே ஆண்டு ஒக்ரோபரில் வெஸ்ற்மின்ஸ்ரர் நீதவான் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர்களுள் ஒருவர் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி சேர் ஜோன் சல்ஸ்ரன். அவர்கள் நல்லெண்ணத்துடன் செயற்பட்டவர்கள் என்பதை நீதிபதி ஏற்றுக்கொண்டார். அதனால் முழுத் தொகையையும் அறவிடவில்லை. ஆயினும் எதிரியை மன்றில் ஒப்படைக்கச் செய்வது என்ற அடிப்படைக் கடமையில் அவர்கள் தவறினர் என்பதால் பெரும் பகுதியைச் செலுத்தவே நேர்ந்தது. நோபல் பரிசாளருக்கும் எமது ஊர் ஓய்வூதியருக்கும் இந்த விடயத்தில் வேறுபாடில்லை.

விலகும் வழியும் உண்டு

ஒருமுறை கையெழுத்திட்டால் வழக்கு முடியும் வரை மீளவே முடியாது என்பதும் தவறான எண்ணமே. எதிரியின் போக்கில் ஐயம் ஏற்பட்டால், அவர் தலைமறைவாக முயல்கிறார் என்று அறிந்தால், பிணையாளி தம்மை விடுவிக்குமாறு மன்றில் விண்ணப்பிக்கலாம். மன்று எதிரியை அழைப்பித்து, வேறு பிணையாளியைக் காட்டுமாறு பணித்து, முன்னையவரை விடுவிக்கும். வேறொருவர் கிடைக்காவிட்டால் எதிரி மறியல் செல்ல நேரும். இதனாற்றான் உறவுக்குள் பலர் இவ்வழியை நாடத் தயங்குகின்றனர். ஆனால் விமானச்சீட்டு வாங்கியாயிற்று என்று தெரிந்தும் மௌனமாயிருப்பவர் பின்னர் மன்றின் முன் என்ன காரணம் கூற முடியும்? விலகுவதற்கான காலம் ஆள் மறைவதற்கு முன்னரே, பின்னர் அல்ல.

கடனுக்குப் பிணை நிற்பதோடு இதனை ஒப்பிடுவோரும் உளர். இரண்டுக்கும் ஒற்றுமையுண்டு, வேறுபாடும் உண்டு. எமது நாட்டில் நிலவும் உரோம டச்சுச் சட்டத்தின்படி, முதலில் கடனாளியிடம் அறவிட்டுப் பாருங்கள் என்று கேட்கும் உரிமை கடன் பிணையாளிக்கு உண்டு. வங்கிப் படிவங்களில் அந்த உரிமையைக் கைவிடுவதாகவே நாம் பெரும்பாலும் கையெழுத்திட்டுக் கொடுக்கிறோம். கடனில் மாதத் தவணை தவறும்போதே எச்சரிக்கை கிடைத்துவிடும். மீதியும் குறைந்துகொண்டு வரும். ஆட்பிணையிலோ எத்தனை தவணைக்கு ஒழுங்காகச் சென்றிருந்தாலும் தொகை ஒரு ரூபாவும் குறைவதில்லை. கடைசித் தவணையில் தவறினாலும் முழுத் தொகையும் கேள்விக்குரியதே.

கூலிப் பிணையாளிகள்

பிணைக்கு ஆள் கிடைக்காத இடத்தில் பணத்துக்குப் பிணை நிற்கும் தொழிலும், போலி வதிவிடச் சான்றிதழ்களும் தலையெடுப்பது உலகெங்கும் காணப்படும் நோய். யாரென்றே தெரியாத எதிரிக்காகச் சில ஆயிரம் ரூபாவுக்குக் கையெழுத்திடும் ஏழைத் தொழிலாளி, தாம் இலட்சக்கணக்கான ரூபாவுக்குப் பொறுப்பேற்பதை உணர்வதில்லை. போலி ஆவணத்தைக் காட்டினால் பிணையாளியாக வந்தவரே சந்தேகநபராகக் கூண்டில் ஏற நேரும். பிணையாளி தகுதியற்றவர் எனப் பின்னர் தெரியவந்தால் எதிரியும் மீண்டும் கைதாகலாம். ஆக, இந்தக் குறுக்கு வழியால் காக்கப்படுபவர் எவருமில்லை.

இங்கிலாந்தின் 1976ஆம் ஆண்டுப் பிணைச் சட்டம், "நீங்கள் கட்ட நேர்ந்தால் அந்தப் பணத்தை நான் தருகிறேன்" என்று எதிரியோ மற்றவரோ பிணையாளிக்கு வாக்களிப்பதையே குற்றமாக்கியுள்ளது. இழப்பதற்கு ஒன்றுமில்லாதவர் எதிரியின் வருகையில் அக்கறை கொள்ளமாட்டார் என்பதே அதன் காரணம். அமெரிக்காவிலோ பிணையே ஒரு வணிகம். கட்டணம் பெற்றுப் பிணை நிற்கும் நிறுவனங்கள் பல மாநிலங்களில் உள்ளன. எமது முறை முதலாவதைச் சார்ந்தது. பணத்தைவிட, எதிரியை அறிந்த ஒருவரின் அக்கறையையே அது நம்புகின்றது.

ஆளற்றவர்களின் நிலை

இதுவரை பிணையாளியின் இடர்களைக் கூறினோம். இவற்றைக் கேட்டு அனைவரும் ஒதுங்கிக்கொண்டால் என்னாகும் என்பதையும் நோக்க வேண்டும். இலங்கைச் சிறைகளில் உள்ளோருட் பெரும்பான்மையினர் தண்டனை பெற்றோரல்லர், விளக்கமறியலில் உள்ளோரே. பிணை உத்தரவு கிடைத்தும் பிணையாளி கிடைக்காமையால் உள்ளே இருப்போரும் அவர்களுள் அடங்குவர். வறுமையால் மட்டும் ஒருவர் மறியலில் இருக்கிறார் என்றால் அங்கு தண்டிக்கப்படுவது குற்றமன்று, வறுமையே.

1978இல் இந்திய உயர் நீதிமன்றத்தின் முன் வந்த மோதிராம் என்ற ஏழைக் கொத்தனாரின் வழக்கு இதற்குச் சான்று. அவரைப் பிணையில் விடுமாறு உயர் நீதிமன்றம் பணித்தது. மத்தியப் பிரதேச நீதவானோ பத்தாயிரம் ரூபா பெறுமதியான பிணை கேட்டார். சகோதரர் முன்வந்தபோது, அவரும் அவரது சொத்தும் வேறு மாவட்டத்தில் என்று கூறி நிராகரித்தார். நீதியரசர் கிருஷ்ண ஐயர் இதனைக் கடுமையாகக் கண்டித்து, கொத்தனார் தாமே எழுதிக் கொடுக்கும் ஆயிரம் ரூபா முறியில் விடுவிக்கப் பணித்தார். ஒரே நாட்டுக்குள் வேறு மாவட்டத்தவர் என்பதற்காகப் பிணையாளியை நிராகரிப்பது ஆகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். 2024 ஓகஸ்டில் அதே நீதிமன்றம், பல மாநிலங்களில் பதின்மூன்று வழக்குகளை எதிர்கொண்ட ஒருவருக்கு, ஒரே பிணையாளிகளே பல வழக்குகளுக்கும் நிற்கலாம் என்று அனுமதித்தது. பிணை நிற்க ஒருவருக்குக் கிடைக்கக்கூடியவர்கள் நெருங்கிய உறவினரும் நண்பருமாகிய ஒரு சிலரே என்ற நடைமுறை உண்மையை நீதிமன்றம் கருத்திற் கொண்டது.

வேறு மாவட்டம் என்ற இந்தத் தடை எமது மண்ணில் யாரை அதிகம் தாக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் குடும்பங்கள் இன்றும் புத்தளத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே பிரிந்து கிடக்கின்றன. சோனகதெருவில் மீளக் குடியேறிய இளைஞன் ஒருவனுக்குப் பிணை நிற்கக்கூடிய தாய்மாமனும் மைத்துனனும் புத்தளத்தில் இருந்தால், உள்ளூர் வதிவிடச் சான்றிதழுள்ள பிணையாளிக்கு அவன் எங்கே போவான்? வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து ஆண்டுக்கணக்காக முகாம்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களும், வன்னியிலிருந்து உழைப்புக்காகக் குடாநாடு வந்தோரும் இதே நிலையினரே. இடம்பெயர்வு ஒருவரது வீட்டை மட்டுமன்றி, அவருக்காகக் கையெழுத்திடக்கூடிய அயலையும் பறித்துவிடுகின்றது.

பிணையில் வருபவர் எல்லோரும் குற்றவாளிகளல்லர் என்பதற்கும் அண்மைக்கால வரலாறே சாட்சி. 2019 மே மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் நடத்தப்பட்ட தேடுதலின் பின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதான மாணவர் ஒன்றியத் தலைவரும் செயலாளரும் அதே மாதம் 16ஆம் திகதி பிணையில் வெளிவந்தனர். மன்னார் சிலாவத்துறையைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜசீம் 2020 மே மாதம் கைதாகி, 2021 டிசெம்பரிலேயே பிணை பெற்றார். 2023 டிசெம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. பத்தொன்பது மாத மறியலை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரப்போவதில்லை. இரு சமூகத்தவரும் இதே துன்பத்தை வெவ்வேறு காலங்களிலும் ஒரே காலத்திலும் அனுபவித்துள்ளனர்.

பிறருக்காக உத்தரவாதம் அளிப்பது எமது சமூகங்களுக்குப் புதியதுமன்று. போர்க்காலத்தில் அதிபர்களும் மதகுருமாரும் கிராம அலுவலர்களும் முகாம் வாயில்களில் நின்று, "இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும்" என்று சொல்லி எத்தனையோ இளைஞரை மீட்டனர். இஸ்லாமிய சட்டவியலில் "கஃபாலா" என்ற தலைப்பில் பொருளுக்கான பிணையும் ஆளுக்கான பிணையும் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. அல்குர்ஆனின் சூரா யூசுபில், புன்யாமீனைத் திரும்ப அழைத்து வருவோம் என்று புதல்வர்கள் உறுதிமொழி அளித்த பின்னரே நபி யஃகூப் (அலை) அவர்கள் அவரை அனுப்புகிறார்கள். அவர் தடுத்து வைக்கப்பட்டபோது தம்முள் ஒருவரை அவருக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளுமாறு சகோதரர்கள் மன்றாடுகின்றனர். கொடுத்த வாக்கின் கனத்தை அவர்கள் உணர்ந்திருந்தனர். விவிலியத்தின் நீதிமொழிகள் நூலோ ஆராயாது பிணை நிற்பதை எச்சரிக்கின்றது. இரண்டும் முரண்பட்டவையல்ல. பிணை நிற்பது பெரும் பொறுப்பு. அறிந்து ஏற்பவருக்கு அது அறம், அறியாது ஏற்பவருக்குப் பொறி.

கேட்க வேண்டிய கேள்விகள்

எனவே கையெழுத்திடுமுன் சிலவற்றைக் கேட்டறிவது அவசியம். வழக்கிலக்கம் என்ன, குற்றச்சாட்டு என்ன, அடுத்த தவணை எப்போது? பிணைத் தொகை எவ்வளவு, அத்தொகையை இழக்க நேர்ந்தால் எம் குடும்பம் தாங்குமா? எதிரிமீது வேறு வழக்குகள் உள்ளனவா, முன்னர் தவணை தவறியவரா? அவரது கடவுச்சீட்டு மன்றில் ஒப்படைக்கப்பட்டுள்ளதா, வெளிநாட்டுப் பயணத் தடை உள்ளதா? வழக்கு மேல் நீதிமன்றுக்குச் சென்றால் இந்த முறியே தொடருமா, புதிதாகக் கேட்கப்படுமா? மொழி விளங்காத படிவத்தில் கையெழுத்திடாது, சட்டத்தரணியிடமோ பதிவாளர் பிரிவிலோ விளக்கம் கேட்பது எமது உரிமை.

கையெழுத்திட்ட பின்னரும் செய்ய வேண்டியவை உள்ளன. முறியின் விபரங்களைக் குறித்து வைத்திருத்தல், ஒவ்வொரு தவணைக்கும் முதல் நாள் எதிரிக்கு நினைவூட்டல், முடிந்தால் மன்றில் தோன்றினாரா என உறுதிசெய்தல், வீடு மாறினால் மன்றுக்கு அறிவித்தல், வழக்கு முடிந்ததும் பிணையிலிருந்து விடுவிக்கப்பட்டதை உறுதிப்படுத்தல் என்பன அவை. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. "மாமா என்னை நம்பவில்லை" என்று மனம் வருந்தும் மருமகனுக்கு, நம்பியதாலேயே கையெழுத்திட்டேன், கையெழுத்திட்டதாலேயே கேட்கிறேன் என்று சொல்லலாம்.

பிணையில் வந்தவருக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்காகக் கையெழுத்திட்டவர் தம் வீட்டையும் ஓய்வூதியத்தையும் நல்ல பெயரையும் உங்கள் வருகையின் மீது வைத்துள்ளார். நோய், விபத்து எதுவாயினும் தவணைக்கு முன்னரே சட்டத்தரணி ஊடாக மன்றுக்கு அறிவியுங்கள். நீங்கள் தவறினால் பாதிக்கப்படுபவர் அவர் மட்டுமல்லர். ஒருமுறை ஏமாற்றப்பட்ட உறவினர் அடுத்த முறை அப்பாவி ஒருவனுக்காகவும் வரமாட்டார். அந்தத் தாய் மரநிழலில் தனியே நிற்பதற்கு, எங்கோ வெளிநாடொன்றில் நிம்மதியாக இருக்கும் வேறொருவர் காரணமாகிறார்.

நீதித்துறையினரிடமும் நிருவாகத்தினரிடமும் எமது வேண்டுகோள் சில உண்டு. இலகுவான பிணை போதுமான இடத்தில் கடினமானதைக் கோராதிருத்தல், பிணைத் தொகையை எதிரியின் வசதியறிந்து நிர்ணயித்தல், இடம்பெயர்ந்தோருக்கு வேறு மாவட்ட உறவினரையும் ஏற்றல் என்பன பிணைச் சட்டத்தின் நோக்கத்துக்கு இசைவானவை. பிணை உத்தரவு கிடைத்தும் பல நாட்களாக உள்ளே இருப்போரின் பட்டியலைச் சிறைச்சாலை அதிகாரிகள் மன்றின் கவனத்துக்குக் கொண்டுவந்தால், நிபந்தனைகளைத் தளர்த்துவது பற்றி மன்று சிந்திக்க வழியேற்படும். வதிவிடச் சான்றிதழுக்காகக் கிராம அலுவலரையும் பிரதேச செயலகத்தையும் நாடி வருவோருக்கு அது அன்றே கிடைக்க வேண்டும். ஒரு நாள் தாமதம் ஒருவருக்கு ஓர் இரவு மறியல். பிணை உத்தரவின் பின் பிணையாளிகளுக்கு அவர்களது பொறுப்பைத் தமிழில், எளிய சொற்களில் எழுதிய ஒரு துண்டுத்தாளை நீதிமன்றங்களில் வழங்க ஏற்பாடு செய்தால், அது பல குடும்பங்களைக் காக்கும். சட்டத்தரணிகள் சங்கங்கள் இதில் முன்கை எடுக்கலாம். ஆலயங்கள், பள்ளிவாசல்கள், தேவாலயங்களின் நிருவாகங்கள் ஆளற்ற அப்பாவிகளுக்காகத் தகுதியானவர்களை முன்வரச் செய்யலாம்.

கேட்டவருக்கெல்லாம் கையெழுத்திட வேண்டும் என்று நாம் கூறவில்லை. எவருக்குமே கையெழுத்திட வேண்டாம் என்றும் கூறவில்லை. அறிந்த ஒருவருக்காக, தாங்கக்கூடிய தொகைக்கு, கடமையை உணர்ந்து பிணை நிற்பவர் நீதிக்கும் அயலுக்கும் ஒருங்கே துணை செய்கிறார். அதற்குரிய நிதானம் கையெழுத்திடுமுன் இருக்க வேண்டும், பின்னர் அன்று.